கணக்கு கேள்வி–பதில்: பட்டை வெட்டிக் கூட்டிய விடை எவ்வளவு சரி?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. தொகையிட்டு நேராக விடை எடுக்க முடியாத கணக்கு. பட்டை பட்டையாக வெட்டிப் பரப்பைக் கூட்டியாயிற்று. வந்த எண்ணை எத்தனை தசமம் வரை நம்பலாம்?

கே: ஒரு பேக்கரியின் தினசரி ரொட்டித் தேவை இயல்நிலைப் பரவலில் இருக்கிறது. சராசரி 500, திட்ட விலக்கம் 100. தேவை 500-க்கும் 600-க்கும் நடுவில் விழ நிகழ்தகவு என்ன என்பது கணக்கு. சரிவக விதியில் 4 பட்டை போட்டேன், 0.3401 வந்தது. புத்தகத்தின் பின்னால் உள்ள அட்டவணையில் 0.3413. எங்கே தப்பு செய்தேன்? அட்டவணையே இல்லாத கணக்கென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?
— பி.காம். மாணவி, திருச்சி

ப: நீங்கள் எங்கும் தப்பு செய்யவில்லை. வளைவான கோட்டை நேர்க்கோடாக வைத்துக் கணக்குப் போட்டதற்கு சரிவக விதி வாங்கும் விலை அது. அந்த விலை எவ்வளவு என்பதை உங்கள் கையில் இருக்கும் எண்களே சொல்லிவிடும், அட்டவணை தேவையில்லை.

சராசரியைக் கழித்துத் திட்ட விலக்கத்தால் வகுத்த பிறகு இடைவெளி 0 முதல் 1 வரை. நீங்கள் எடுத்திருக்கும் ஐந்து உயரங்கள்: 0.39894, 0.38667, 0.35207, 0.30114, 0.24197. இவற்றில் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது மூன்றையும் மட்டும் வைத்து 2 பட்டைக்கு ஒரு விடை எடுங்கள். 0.33626 வரும். 4 பட்டைக்கு வந்தது 0.34008. வித்தியாசம் 0.00382. அதை 3-ஆல் வகுத்தால் 0.00127. 4 பட்டை விடையில் இருக்கும் பிழை ஏறக்குறைய அவ்வளவுதான். கூட்டிப் பாருங்கள்: 0.34135. அட்டவணைக்கு வந்துவிட்டீர்கள்.

ஏன் 3? சரிவக விதியில் பட்டையின் அகலத்தைப் பாதியாக்கினால் பிழை கால்வாசியாகக் குறைகிறது. அப்படியென்றால் பழைய பிழையில் முக்கால் பங்கு போய்விட்டது, கால் பங்கு மிச்சம். இரண்டு விடைக்கும் உள்ள வித்தியாசம் அந்த முக்கால் பங்கு; மிச்சமிருப்பது அதில் மூன்றில் ஒன்று. இப்படித் திருத்தி எடுத்த எண் வேறெதுவும் இல்லை, 4 பட்டை சிம்ப்சன் விதியின் (மேல்விளிம்பை நேர்க்கோடாக வைக்காமல் பரவளைவாக வைப்பது) விடையேதான். சிம்ப்சனுக்கும் இதே சோதனை உண்டு. அங்கே பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒன்றாகும், அதனால் வகுப்பது 15-ஆல். (சிம்ப்சன் விதி என்று பெயர் இருந்தாலும், 1615-இலேயே கெப்ளர் ஒயின் பீப்பாயின் கொள்ளளவை அளக்க இதே கணக்கைப் போட்டுவிட்டார். ஜெர்மானியர்கள் இன்றும் இதைக் கெப்ளரின் பீப்பாய் விதி என்றுதான் சொல்கிறார்கள். பிறந்தது முழுக்க முழுக்க வியாபாரக் கணக்கில்.)

இன்னொரு சோதனை, எனக்கு இதன்மேல் கூடுதல் மரியாதை. உங்கள் கோடு 0 முதல் 1 வரை கவிழ்த்த கிண்ணம் போல வளைகிறது. எனவே சரிவகத்தின் மேல்விளிம்பு கோட்டுக்குக் கீழேதான் போகும், விடை கண்டிப்பாகக் குறைவாகத்தான் வரும். நடுப்புள்ளி விதி (பட்டையின் நடுவில் உள்ள உயரத்தையே பட்டை முழுதுக்கும் வைப்பது) நேர்மாறு, கூடுதலாக வரும். 0.25, 0.75 இரண்டின் உயரங்களை வைத்து நடுப்புள்ளி விதிப்படி 2 பட்டைக்கு எடுத்தால் 0.34390. ஆக உண்மை விடை 0.34008-க்கும் 0.34390-க்கும் நடுவே அடைபட்டுவிட்டது. இதில் ‘ஏறக்குறைய’ என்ற பேச்சே இல்லை. ஒரே நிபந்தனை, இடைவெளிக்குள் வளைவு திசை மாறக்கூடாது. இயல்நிலைக் கோடு சரியாக 1-இல், அதாவது 600 ரொட்டியில், திசை மாறுகிறது. 700 வரை கேட்டிருந்தால் 600-இல் வெட்டி இரண்டு துண்டாகப் போட வேண்டும்.

கே: “விடை நான்கு தசமத்துக்குச் சரியாக இருக்க எத்தனை பட்டை வேண்டும்?” என்ற கேள்வியில் எப்போதும் மதிப்பெண் போகிறது. மேலே உள்ளது போன்ற கணக்கையே வைத்து விளக்க முடியுமா?
— எம்.காம். மாணவர், சேலம்

ப: முதலில் ‘நான்கு தசமம்’ என்றால் பிழை 0.00005-க்குள் இருக்க வேண்டும். பலர் 0.0001 என்று போட்டுவிடுகிறார்கள், மதிப்பெண் அங்கேயே கழன்றுவிடும்.

சரிவக விதியின் பிழைக்கு மேல்வரம்பு: இரண்டாம் வகைக்கெழுவின் அளவு இடைவெளியில் எங்கே உச்சமோ அந்த மதிப்பை இடைவெளி நீளத்தின் கனத்தால் பெருக்கி, பட்டை எண்ணிக்கையின் வர்க்கத்தை 12-ஆல் பெருக்கியதால் வகுக்க வேண்டும். ரொட்டிக் கணக்கில் இரண்டாம் வகைக்கெழு 0-இல் உச்சம், அளவு 0.3989, 1-இல் அது பூச்சியம். வலது முனையின் மதிப்பை எடுத்திருந்தால் ‘பிழையே கிடையாது’ என்று விடை வந்திருக்கும்! உச்சம் எந்த இடத்தில் என்று தேடாமல் முனையின் மதிப்பைப் போடுவதுதான் இந்தக் கேள்வியில் நான் அதிகம் பார்க்கும் சறுக்கல். இடைவெளி நீளம் 1 என்பதால் 0.3989-ஐ 12 × 0.00005-ஆல் வகுத்தால் போதும்: ஏறக்குறைய 665. வர்க்கமூலம் 25.8. எனவே 26 பட்டை. 25 என்று கீழே இறக்கக் கூடாது.

சிம்ப்சனுக்கு வேண்டியது நான்காம் வகைக்கெழு, நீளத்தின் ஐந்தாம் அடுக்கு, 180, எண்ணிக்கையின் நான்காம் அடுக்கு. இங்கே நான்காம் வகைக்கெழுவின் உச்சமும் 0-இல்தான், 1.1968. அதை 180 × 0.00005-ஆல் வகுத்தால் 133, நான்காம் மூலம் 3.4. சிம்ப்சனுக்குப் பட்டை எண்ணிக்கை இரட்டைப்படையாக இருந்தே தீர வேண்டும், எனவே 4. ஒரே துல்லியத்துக்கு அங்கே 26, இங்கே 4.

இது மேல்வரம்புதான், பிழையே அல்ல. 4 பட்டைச் சரிவகத்துக்கு மேல்வரம்பு 0.0021, நிஜப் பிழை 0.0013. ‘பிழை 0.0021’ என்று எழுதாதீர்கள். ‘0.0021-க்கு மேல் போகாது’ என்று எழுதுங்கள்.

கே: எங்கள் ஆலையில் சார்பு, சமன்பாடு எதுவும் கிடையாது, அட்டவணைதான். உற்பத்தி 0, 100, 200 என்று 600 அலகு வரை. இறுதிநிலைச் செலவு (இன்னும் ஒரு அலகு செய்ய ஆகும் கூடுதல் செலவு) அலகுக்கு 84, 71, 63, 58, 57, 61, 70 ரூபாய். சிம்ப்சன் விதியில் மொத்தம் ரூ. 38,466.67 வந்தது. “பைசா வரை சரியா?” என்று மேலாளர் கேட்கிறார். வகைக்கெழுவே இல்லாமல் பிழையை எப்படிச் சொல்வது?
— செலவுக் கணக்கர், ஈரோடு

ப: பைசா இருக்கட்டும், நூறு ரூபாய்க்கே உத்தரவாதம் கிடையாது. ஆனால் அதை எண் வைத்தே சொல்லலாம்.

சமன்பாடு இல்லாத இடத்தில் இரண்டாம் வகைக்கெழுவின் வேலையை இரண்டாம் வித்தியாசம் செய்யும். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம்: −13, −8, −5, −1, 4, 9. அவற்றுக்குள் மறுபடி வித்தியாசம்: 5, 3, 4, 5, 5. பெரியது 5. மொத்த இடைவெளி 600-ஐ இந்த 5-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் 250. சரிவக விதி போட்டிருந்தால் பிழை சுமார் ரூ. 250 வரை போகலாம் என்று பொருள். சரிபார்ப்போம். 6 பட்டைச் சரிவகம் 38,700. ஒன்றுவிட்டு ஒன்று எடுத்த 3 பட்டைச் சரிவகம் 39,400. வித்தியாசம் 700, மூன்றில் ஒன்று 233. இரண்டு வழியும் ஒன்றையொன்று தாங்குகின்றன. இரண்டாம் வித்தியாசம் எல்லாமே நேர்க்குறி, அதாவது கோடு நிமிர்ந்த கிண்ணம், அதனால் சரிவகம் கூட்டிச் சொல்லியிருக்கிறது. 38,700-இல் 233 போனால் 38,467. உங்கள் சிம்ப்சன் விடை அதேதான். விதியைச் சரியாகவே போட்டிருக்கிறீர்கள்.

இனி உங்கள் அட்டவணைக்கு வாருங்கள். செலவு முழு ரூபாயில் இருக்கிறது. 71 என்று எழுதியது 70.50-ஆகவும் இருந்திருக்கலாம், 71.49-ஆகவும் இருந்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் அரை ரூபாய் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் 600 அலகுக்கு ரூ. 300 மாறும். நடைமுறையில் ஒன்று கூடினால் ஒன்று குறையும். அப்படிச் சிதறினால் திட்ட விலக்கம் சுமார் ரூ. 73 வரும். எப்படிப் பார்த்தாலும், சிம்ப்சன் சேமித்துக் கொடுத்த 233 ரூபாயும் அட்டவணை முழுமையாக்கத்தில் தொலைத்த ரூபாயும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இதற்கு மேல் பட்டையை நுணுக்கிப் பயனில்லை, செலவைப் பைசாவோடு பதிந்தால்தான் பயன். மேலாளரிடம் “சுமார் 38,500, நூறு ரூபாய் முன்பின், மிக மோசமாகப் போனால் முந்நூறு” என்று சொல்லுங்கள். அவர் இதில் நிலையான செலவையும் எதிர்பார்ப்பார். இறுதிநிலைச் செலவைத் தொகையிட்டால் மாறும் செலவு மட்டும்தான் வரும், நிலையானதைத் தனியாகக் கூட்ட வேண்டும்.

நாளை அட்டவணை 700 வரை நீண்டால் 7 பட்டை, ஒற்றைப்படை. சிம்ப்சன் நேராக ஓடாது. முதல் 4 பட்டைக்குச் சிம்ப்சன் போட்டு, கடைசி 3 பட்டைக்கு எட்டில் மூன்று விதியைப் போடுங்கள்: நான்கு உயரங்களை 1, 3, 3, 1 என்று பெருக்கிக் கூட்டி, பட்டை அகலத்தாலும் எட்டில் மூன்றாலும் பெருக்குவது. மிஞ்சிய ஒரு பட்டைக்கு மட்டும் சரிவகம் போட்டு ஒட்டினால், அந்த ஒரு பட்டையின் பிழையே மொத்தத் துல்லியத்தையும் கெடுத்துவிடும்.

கே: 12 மாத விற்பனைத் தொகை கையில் இருக்கிறது. வருட மொத்தத்துக்குச் சிம்ப்சன் போடலாமா? 12 இரட்டைப்படைதானே?
— கடை உரிமையாளர், தஞ்சாவூர்

ப: போடாதீர்கள், நேராகக் கூட்டுங்கள். மாத விற்பனை ஏற்கெனவே பரப்பு. ‘இந்த நிமிடத்தில் மாதத்துக்கு எவ்வளவு வேகத்தில் விற்கிறது’ என்ற வீதம் இருந்தால்தான் தொகையிடும் வேலை. அந்த வேகத்தையே மாதத்துக்கு ஒருமுறை குறித்திருந்தாலும் 12 குறிப்புக்கு நடுவே 11 பட்டைதான் வரும். 12 பட்டை வேண்டுமென்றால் 13 குறிப்பு வேண்டும். இரட்டைப்படையாக இருக்க வேண்டியது பட்டை, புள்ளி அல்ல.

கே: வருமான ஏற்றத்தாழ்வுக்கு லாரன்ஸ் கோடு (ஏழையிலிருந்து தொடங்கி மக்களில் இத்தனை பங்கினருக்கு மொத்த வருமானத்தில் எத்தனை பங்கு என்று காட்டுவது) போட்டு, மக்களை ஐந்து சம பங்காகப் பிரித்துச் சரிவக விதியில் ஜினி கெழு (ஏற்றத்தாழ்வின் அளவு) எடுக்கிறோம். பத்துப் பங்காகப் பிரித்தால் கெழு கூடுகிறது. எது சரி?
— பொருளியல் ஆசிரியர், யாழ்ப்பாணம்

ப: இரண்டுமே குறைவு. லாரன்ஸ் கோடு தொய்ந்த கயிறு போல இருக்கும், சரிவகத்தின் நேர்விளிம்பு எப்போதும் அதற்கு மேலே ஓடும். கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு கூடும். கெழு அதன் இரு மடங்கை 1-இலிருந்து கழிப்பது, எனவே குறையும். உயரம் தூரத்தின் வர்க்கம் என்ற எளிய கோட்டில் போட்டுப் பாருங்கள்: 5 பங்குக்கு 0.32, 10 பங்குக்கு 0.33, உண்மை 0.3333. இதிலும் வித்தியாசத்தில் மூன்றில் ஒன்றைக் கூட்டினால் 0.3333 வந்துவிடும். ஒரு ஊரில் ஐந்து பங்கு, இன்னொரு ஊரில் பத்துப் பங்கு என்று எடுத்து ஒப்பிட்டால், இல்லாத ஏற்றத்தாழ்வு இருப்பது போலத் தெரியும்.

கே: அதே ரொட்டிக் கணக்கை எக்செல்லில் போட்டேன். 10 பட்டை, 20 பட்டை, 100 பட்டை, எல்லாவற்றிலும் 0.477 என்றே நிற்கிறது. இரட்டிப்பாக்கிப் பார்த்தும் விடை அசையவில்லை, ஆனால் அட்டவணை 0.3413. அட்டவணை தப்பா?
— அலுவலக உதவியாளர், கோவை

ப: அட்டவணை சரி. உங்கள் சூத்திரத்தில் மைனஸ் குறி விழுந்த இடம் தப்பு. மைனஸ் போட்டு, அதை ஒட்டிச் செல்லின் பெயர், பிறகு வர்க்கம் என்று எழுதியிருப்பீர்கள். எக்செல் முதலில் மைனஸை எண்ணோடு சேர்த்துக்கொண்டு அப்புறம்தான் வர்க்கம் எடுக்கும். மைனஸ் காணாமல் போய்விடும். இறங்க வேண்டிய கோடு ஏறுகிறது. ஏறும் கோட்டின் பரப்பு 0.4767, நீங்கள் கண்டது அதுதான். செல்லையும் வர்க்கத்தையும் அடைப்புக்குள் போட்டு வெளியே மைனஸ் வையுங்கள்.

இரட்டிப்புச் சோதனை இதைப் பிடிக்காது, பிடிக்கவும் முடியாது. பட்டை போதுமான அளவு மெல்லியதா என்பதை மட்டும்தான் அது கேட்கிறது. நீங்கள் தப்பான கோட்டின் பரப்பை மிகத் துல்லியமாக எடுத்திருக்கிறீர்கள். இதைப் பிடிப்பது மனக்கணக்கு: கோட்டின் அதிகபட்ச உயரம் 0.3989, அகலம் 1; பரப்பு 0.3989-ஐத் தாண்ட வழியே இல்லை. எந்தக் கணக்கானாலும் உச்ச உயரம் × அகலம், தாழ்ந்த உயரம் × அகலம் என்ற இரண்டையும் தாளின் ஓரத்தில் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

தாளில் விதியை ஏற்றியதில் பிசகா என்று பார்க்க, உயரங்களின் இடத்தில் விடை தெரிந்த எண்களைப் போட்டு ஓட்டுங்கள். ஈரோட்டு வாசகரின் 0–600 அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். எல்லா உயரமும் 1 என்றால் விடை 600. 700 வந்தால் முனை இரண்டையும் பாதியாக்க மறந்திருக்கிறீர்கள். (அவர் கணக்கில் அந்த மறதியின் விலை ரூ. 7,700.) அடுத்து, உயரமாக உற்பத்தியின் வர்க்கத்தைப் போடுங்கள். சிம்ப்சன் துல்லியமாக 7,20,00,000 தர வேண்டும். 6 பட்டைச் சரிவகம் 7,30,00,000 தர வேண்டும், 7,20,00,000 வந்தால் அதுதான் சந்தேகத்துக்குரியது.

கே: இறுதிநிலைச் செலவு உற்பத்தியின் வர்க்கமூலம், உற்பத்தி ஆயிரம் அலகில், செலவு ஆயிரம் அலகுக்கு லட்ச ரூபாயில். 0 முதல் 1 வரை மொத்தச் செலவு. 4 பட்டை சிம்ப்சன் 65,653, 8 பட்டை சிம்ப்சன் 66,308. வித்தியாசம் 655-ஐ 15-ஆல் வகுத்தால் பிழை 44 ரூபாய்தான். ஆனால் நேராகத் தொகையிட்டால் 66,667. உங்கள் 15 எங்கே போயிற்று?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ப: 15 செத்துப்போகும் இடம் இதுதான், நல்ல கணக்கைப் பிடித்திருக்கிறீர்கள். நிஜப் பிழை 359 ரூபாய், சோதனை சொன்னதைப் போல எட்டு மடங்கு. வர்க்கமூலக் கோடு 0-இல் செங்குத்தாகக் கிளம்புகிறது, அங்கே முதல் வகைக்கெழுவே எல்லை கடந்துவிடுகிறது. மேல்வரம்புச் சூத்திரத்தில் போட நான்காம் வகைக்கெழுவுக்கு உச்ச மதிப்பு என்று ஒன்றே கிடையாது. பாதியாக்கினால் பிழை பதினாறில் ஒன்றாகும் என்ற வாக்குறுதி, அந்த உச்சம் இருந்தால்தான். இங்கே சரிவகமும் சரி, சிம்ப்சனும் சரி, ஒவ்வொரு பாதியாக்கலுக்கும் பிழையைச் சுமார் 2.8-ஆல்தான் வகுக்கின்றன.

உண்மை விடை தெரியாத நிலையிலும் இதைக் கண்டுபிடிக்கலாம். இரண்டு விடையோடு நிற்காமல் மூன்று எடுங்கள். சரிவகத்தில் 2, 4, 8 பட்டைக்கு 60,355, 64,328, 65,813. வித்தியாசங்கள் 3,973, 1,485. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 2.7. இது 4-ஐ ஒட்டி வந்தால் 3-ஆல் வகுக்கும் உரிமை உண்டு, வராவிட்டால் இல்லை. ரொட்டிக் கணக்கில் 1, 2, 4 பட்டைக்கு இதே விகிதம் 4.1. சிம்ப்சனில் 16-ஐ ஒட்டி வர வேண்டும்.

மருந்து, பட்டையைக் கூட்டுவது அல்ல. உற்பத்தியை இன்னொரு மாறியின் வர்க்கம் என்று பிரதியிடுங்கள். வர்க்கமூலம் மறைந்து, புது மாறியின் வர்க்கத்தின் இரு மடங்கைத் தொகையிடும் கணக்காகிவிடும், எல்லை அதே 0 முதல் 1. உயரங்கள் மூன்றே மூன்று: 0, 0.5, 2. நடுவில் உள்ளதை 4-ஆல் பெருக்கிக் கூட்டினால் 4, அதை 6-ஆல் வகுத்தால் 0.66667 லட்சம். 8 பட்டையில் வராத 66,667 ரூபாய் 2 பட்டையில் வந்துவிடுகிறது.